படத்தில் குறி இல்லாத நாகம்

மாக் மண்டினில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதற்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைகள், இந்தப் பக்கம் வீடுகள். சற்றுத் தள்ளித் தமிழ்ப்பள்ளி. தொழிற்சாலை இருந்தால் குப்பை இருக்கும், குப்பை இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். பட்டர்வொர்த் வட்டாரத்தில் வளர்ந்த எவருக்கும் இது புதிய செய்தியல்ல.

கடந்த பள்ளி விடுமுறையில் தேனியிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வாழ்நாள் முழுவதும் தோட்டம், வயல் என்று இருந்தவர். பாம்பைக் கண்டு பதறுகிற ஆள் இல்லை. ஒரு நாள் காலையில் என் மகள், “தாத்தா, பின்னால பாம்பு!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். நான் எழுந்து போவதற்குள் பெரியப்பா துடைப்பக்கட்டையோடு கால்வாய் ஓரம் நின்றுகொண்டிருந்தார்.

கறுப்பாக, பளபளப்பாக, ஒரு மீட்டருக்கு மேல் நீளம். “சாரைப்பா. கருஞ்சாரை. ஒண்ணும் செய்யாது. அங்கிட்டு விரட்டி விட்டுர்றேன்” என்றார். கட்டையை நீட்டியதும் பாம்பு தலையைத் தூக்கிப் படம் விரித்தது. பெரியப்பா ஒரு நொடி திகைத்தார். “படம் எடுக்குது... ஆனா குறியே இல்லையே?” என்று உற்றுப் பார்க்கக் குனிந்தார்.

அந்த நொடியில் அது துப்பியது. நல்லவேளையாக அவர் மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடியின் மீது மழைத்தூறல் மாதிரி துளிகள், நெற்றியிலும் கொஞ்சம். முகத்தை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். 999க்கு அழைத்தோம். வந்த வீரர்கள் நீண்ட கொக்கியால் பாம்பைப் பிடித்துப் பைக்குள் போட்டு எடுத்துச் சென்றார்கள். “ஊலார் செண்டோக்” என்றார் ஒருவர் மலாயில். கரண்டிப் பாம்பு என்று பொருள். விரிந்த படம் கரண்டி போலத் தெரிவதால் வந்த பெயர். நம் மொழியில் சொன்னால் நாகம்.

அன்று மாலை வரை பெரியப்பா பேசவே இல்லை. இரவுச் சாப்பாட்டின்போதுதான் வாய் திறந்தார். “அறுபது வருசமா நல்ல பாம்பைப் பாத்துக்கிட்டு இருக்கேன். படத்துல கண்ணாடி மாதிரி குறி இருக்கும். அது இல்லாத நல்ல பாம்பு உண்டுன்னு எனக்கு யாரும் சொல்லலையே.”

அவர் சொன்னது தேனியில் சரி. மாக் மண்டினில்தான் தவறு.

ஒரே குடும்பம், வேறு உடை

தமிழ்நாட்டு நல்ல பாம்பின் படத்துக்குப் பின்புறம் மூக்குக் கண்ணாடி வடிவில் ஒரு குறி இருக்கும். கண்ணன் காளிங்கன் தலையில் ஆடியபோது பதிந்த காலடி என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள். இங்கே தீபகற்ப மலேசியாவில் வீட்டுப் பக்கம் வருவது அதற்கு உறவுக்காரப் பாம்பு. ஆனால் வேறு இனம். விஞ்ஞானிகள் அதை ‘நாஜா சுமத்ரானா’ என்கிறார்கள். வளர்ந்த பாம்பின் படத்தில் குறி எதுவும் இருக்காது. இரண்டு மீட்டர் தொலைவு வரை கண்ணைக் குறிபார்த்து நஞ்சைத் துப்பும். தமிழ்நாட்டு நல்ல பாம்புக்கு இந்தப் பழக்கம் கிடையாது.

இந்த ஓர் இனத்துக்குள்ளும் நிறம் ஒன்றுபோல் இருப்பதில்லை. தீபகற்பத்தின் தெற்கிலும் சிங்கப்பூரிலும் பெரும்பாலும் கறுப்பு. வடக்கே தாய்லாந்தை நோக்கிப் போகப் போக மஞ்சளும் பழுப்பும் கலந்த பொன்னிறப் பாம்புகளும் தென்படும். குட்டிகளின் கழுத்தில் வெளிறிய பட்டை இருக்கும், வளர்ந்ததும் மறைந்துவிடும். வட மாநிலங்களில் இன்னொரு நாக இனமும் உண்டு. அதன் படத்தில் வட்டமாக ஒற்றைக் கண் போன்ற குறி. ஆக, ‘படத்தில் குறி’ என்ற ஒரே அடையாளத்தை வைத்துக்கொண்டு ஊர் தாண்டி வந்தவர் இங்கே மூன்று விதமாக ஏமாறலாம்.

“அப்போ பாம்பை எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?” என்று மகன் கேட்டான். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலுக்குப் போவதென்று முடிவானது.

பாலத்தைத் தாண்டி

மாக் மண்டின் பினாங்கு மாநிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் தீவில் இல்லை. கடலுக்கு இந்தப் பக்கம், செபராங் பிறை நிலப்பகுதியில். ஜார்ஜ் டவுனுக்குப் போக ஃபெர்ரியில் ஏறலாம். தீவின் தென்பகுதிக்குப் போகப் பினாங்கு பாலமே வசதி. 1985இல் திறக்கப்பட்ட பாலம், 13.5 கிலோமீட்டர். பெரியப்பா கடலைப் பார்த்தபடியே வந்தார். “இம்புட்டு தண்ணிக்கு நடுவுல ஒரு ஊரா” என்றார்.

பாலம் இறங்கி இடப்பக்கம் திரும்பினால் தொழிற்பேட்டைகள், அடுக்குமாடிகள், வாகன நெரிசல். அவற்றின் நடுவே சுல்தான் அஸ்லான் ஷா சாலையோரம் சிவப்பும் பொன்னுமாக ஒரு சீனக் கோயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோர் சூ காங் என்ற துறவியின் நினைவாக எழுப்பப்பட்டது. காயம்பட்ட பாம்புகளுக்கு அவர் அடைக்கலம் தந்தார் என்பது மரபுக் கதை. கோயில் எழுந்தபின் பாம்புகள் தாமாகவே வந்து குடியேறின என்கிறார்கள். அப்போது சுற்றிலும் காடு. இப்போது சுற்றிலும் கார்கள். முன்பு திரும்பிய பக்கமெல்லாம் பாம்பு இருக்குமாம். இன்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. காரில்லாதவர்கள் ஜெட்டியிலிருந்து பாயான் லெப்பாஸ் போகும் ராபிட் பினாங் பேருந்தில் ஏறிக் கோயில் அருகே இறங்கலாம்.

உள்ளே ஊதுபத்திப் புகை. பீடத்தருகே நிறுத்தி வைத்த கிளைகளில் பாம்புகள் சுருண்டு கிடந்தன. தொடக் கூடாது என்ற எச்சரிக்கை கண்ணில் படும்படி இருக்கிறது. மலாயில் இவற்றுக்கு ‘ஊலார் காப்பாக் தோக்கோங்’ என்று பெயர். தோக்கோங் என்றால் சீனக் கோயில். கோயிலின் பெயரையே பாம்புக்கு வைத்துவிட்டார்கள். விலங்கியலார் வைத்த பெயர் வாக்லர் குழிவிரியன். 1832இல், முப்பத்திரண்டாம் வயதில், களப்பணியின்போது துப்பாக்கி விபத்தில் இறந்த ஜெர்மன் ஆய்வாளர் யோகான் வாக்லரின் பெயர் அது.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு சிறு குழி தெரியும். குழிவிரியன் என்ற பெயர் அதனால்தான். இருட்டில் எலியின் உடல் சூட்டை அந்தக் குழியால்தான் உணர்ந்துகொள்கிறது. பகலெல்லாம் அசையாமல் கிடக்கும். ஒரே கிளையில் நாள் கணக்கில் இருக்கும். அதனால்தான் கோயிலில் அவை பக்தர்களைப் போல அமைதியாகத் தெரிகின்றன.

ஒரு கிளையில் இரண்டு பாம்பு

ஒரு கிளையில் கைப்பிடி கனத்தில் ஒரு பெரிய பாம்பு. கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டைகள், இடையிடையே பச்சைத் தூவல். பக்கத்துக் கிளையில் விரல் கனத்தில் இன்னொன்று. பளிச்சென்ற பச்சை, முதுகின் இருபுறமும் சின்னச் சின்னச் சிவப்பு வெள்ளைப் புள்ளிகள், கண்ணை ஒட்டி ஒரு கோடு.

“ரெண்டு வகை” என்றான் மகன். “பெருசு விஷப்பாம்பு, சிறுசு பச்சைப் பாம்பு” என்றார் பெரியப்பா. மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தலைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி” என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. பெரியது பெண், சிறியது ஆண். இரண்டும் ஒரே இனம். பெண் ஒரு மீட்டர் வரை வளரும், ஆண் அதில் ஏறக்குறைய பாதிதான். பிறக்கும்போது இரண்டும் பச்சை நிறம், பாதி வெள்ளையும் பாதி சிவப்புமான சிறு புள்ளிகள். ஆண் கடைசி வரை அந்தக் குட்டி உடையிலேயே இருந்துவிடும். பெண் வளர வளரக் கறுத்து, மஞ்சள் பட்டை கட்டிக்கொள்ளும். ஒரே பாம்பை ஐந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை பார்த்தவர் இரண்டு இனம் என்று சத்தியம் செய்வார்.

இரண்டுக்குமே நஞ்சு உண்டு. பெரியப்பா ‘பச்சைப் பாம்பு’ என்று சொன்னதைத்தான் நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நம்மவர்கள் பச்சைப் பாம்பைக் கண்டால் ‘கண்கொத்திப் பாம்பு’ என்று முகத்தைத்தான் மறைத்துக்கொள்வார்கள், கையை அல்ல. இந்தச் சிறிய பச்சை விரியனை நம் ஊர்ப் பச்சைப் பாம்பு என்று நினைத்துக் கிளையோடு பிடிக்கப் போனால் கடி கையில் விழும்.

ஊருக்கு ஊர்

ஆண், பெண், குட்டி என்ற வேறுபாடு போதாதென்று ஊர் வேறுபாடும் சேர்ந்துகொள்கிறது. தீபகற்ப மலேசியாவிலும் மலாக்கா நீரிணைக்கு அப்பால் சுமத்ராவிலும் இந்தக் குழிவிரியன் ஏறக்குறைய இதே உடையில்தான் இருக்கிறது. தென்சீனக் கடலைத் தாண்டி சபா, சரவாக் போனால் கதை வேறு. போர்னியோவில் வளர்ந்த பெண் இப்படிக் கறுத்துப் போவதில்லை. பச்சை உடம்பில் நீலமும் சிவப்பும் கலந்த மெல்லிய வளையங்களோடு இருக்கும். சுலாவேசித் தீவிலும் தெற்குப் பிலிப்பீன்ஸிலும் இன்னும் வேறு வேறு கோலங்கள்.

நீண்ட காலம் இவை எல்லாவற்றையும் வாக்லர் குழிவிரியன் என்ற ஒரே பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். 2007இல் ஆய்வாளர்கள் நிறம், செதில், உடலளவு எல்லாவற்றையும் ஒப்பிட்டு இந்தக் கூட்டத்தைப் பிரித்தார்கள். இப்போது போர்னியோப் பாம்புக்கு ஒரு பெயர், சுலாவேசிக்கு ஒன்று, தெற்குப் பிலிப்பீன்ஸுக்கு ஒன்று. நம் பாயான் லெப்பாஸ் பாம்பிடம்தான் பழைய பெயர் நிலைத்தது.

இத்தனை நிறங்கள் எதற்கு? முதல் காரணம் மறைவு. இலை நடுவில் பச்சை மறையும். வெயிலும் நிழலும் திட்டுத் திட்டாக விழும் மரத்தில் பட்டை போட்ட உடம்பு துண்டு துண்டாகத் தெரியும், பாம்பாகத் தெரியாது. இரண்டாவது காரணம் பிரிவு. ஓர் ஊர்ப் பாம்புகள் வேறு ஊர்ப் பாம்புகளோடு நெடுங்காலம் கலக்காமல் இருந்தால் ஒவ்வொரு கூட்டமும் தன் வழியில் மாறிப் போகும். தமிழும் அப்படித்தானே? பெரியப்பாவின் ‘அங்கிட்டு இங்கிட்டு’ எங்கள் மாக் மண்டின் வீட்டில் ஒலித்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் மலாய்ச் சொல் கலந்து பேசியபோது பெரியப்பா விழித்தார். இரண்டும் தமிழ்தான்.

பெரியப்பா அப்போதுதான் நினைவு வந்தவராக, “எங்க மேகமலையிலயும் இந்த மாதிரி ஒண்ணு இருக்குப்பா” என்றார். “எஸ்டேட்டுல வேலை பாக்கறப்ப பாத்திருக்கேன். ஒரு நாள் பச்சையா இருக்கும், ஒரு நாள் பழுப்பா இருக்கும், ஒரு தடவ மஞ்சளாக் கூடப் பாத்தேன். அது நிறம் மாத்திக்கிற பாம்புன்னு சொல்லிக்குவோம்.”

அவர் பார்த்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன். மழைக்காலத்தில் ஓடையோரப் பாறையிலும் செடியிலும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பச்சை, பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு கலந்தது என்று ஒரே காட்டில் பல நிறத்தில் கிடைக்கும். ஆனால் அது பச்சோந்தி போல நாளுக்கு ஒரு நிறம் மாறுவதில்லை. பெரியப்பா பார்த்தவை வெவ்வேறு பாம்புகள். மலபார் குழிவிரியன் என்றே அதை அழைத்து வந்தார்கள். 2021இல் வெளியான ஓர் ஆய்வு பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இருப்பவற்றைத் தனி இனமாகப் பிரித்து, ஆனைமலையின் பெயரைத் தாங்கிய பழைய பெயரை மீண்டும் கொடுத்தது. நடுவே இருப்பது ஒரு மலை இடைவெளிதான். அதுவே பாம்புக்குக் கடல் மாதிரி ஆகிவிட்டது.

அரசப் பாம்பின் பாடம்

நிறத்தை நம்பி ஏமாந்தவர்கள் நாம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் ‘கிங்ஸ்னேக்’ என்றொரு பாம்பு உண்டு. அரசப் பாம்பு என்று சொல்லலாம். நஞ்சில்லாதது. மற்றப் பாம்புகளைத் தின்னும், கிலுகிலுப்பை விரியனைக்கூட விடாது. அதனால்தான் அந்தப் பட்டம். கலிபோர்னியாவில் இதன் நிறம் இடத்துக்கு இடம் மாறும். பாலைவனப் பக்கம் கறுப்பு வெள்ளை வளையங்கள், கடலோரத்தில் பழுப்பும் வெளிர்மஞ்சளும். சான் டியாகோ பக்கத்தில் வளையமே இல்லாமல் தலையிலிருந்து வால் வரை ஒரே நீளக் கோடு போட்ட பாம்புகளும் இருந்தன. வளையம் ஓர் இனம், கோடு வேறோர் இனம் என்றே எழுதி வைத்திருந்தார்கள்.

லாரன்ஸ் கிளாபர் என்பவர் அந்த ஊர் மின்சார நிறுவனத்தில் பொறியாளர். ஓய்வு நேரமெல்லாம் பாம்பு ஆராய்ச்சி. ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்து வளையக் குட்டிகளும் கோட்டுக் குட்டிகளும் சேர்ந்தே பொரிந்து வருவதை அவர் காட்டினார். 1936இல் அது அச்சில் வந்தது. இரண்டு இனம் என்று நினைத்தவை ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

இந்த அழகே அந்தப் பாம்புக்கு வினையாகவும் ஆனது. நிறத்துக்காக வளர்ப்பவர்கள் பெருகினார்கள். ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவில், வீட்டில் வளர்த்த கலிபோர்னிய அரசப் பாம்புகள் வெளியே போய்ப் பெருகிவிட்டன. 1998 முதல் அங்கே காட்டில் தென்படுகின்றன. வெளிறியவையும் கோடு போட்டவையும் அவற்றில் உண்டு. அந்தத் தீவுக்கே உரிய பெரிய பல்லிகள் இரையாகி அழிந்து வருகின்றன. ஓர் ஊரின் பாம்பு இன்னோர் ஊரில் வேண்டாத விருந்தாளி.

செபராங் பிறையில் ஒரு மருத்துவர்

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மகன் கைப்பேசியில் தேடிக்கொண்டே வந்தான். “ராஜநாகமும் இப்படித்தானாம், மூணு நாலா பிரிச்சிட்டாங்களாம்” என்றான். அதில் எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ராஜநாகத்துக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியவர் தியோடர் கான்டர். டென்மார்க்கைச் சேர்ந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். 1836இல் வங்காளத்துப் பாம்பைப் பார்த்து எழுதினார். பின்னர் பினாங்குக்கும் வெல்லெஸ்லி மாகாணத்துக்கும் வேலைக்கு வந்தார். வெல்லெஸ்லி மாகாணம் என்றால் இன்றைய செபராங் பிறை. மாக் மண்டின் இருக்கும் அதே நிலம். இங்கே இருந்தபோது சேர்த்த ஊர்வனவற்றைப் பற்றி 1847இல் ஒரு பெரிய பட்டியல் வெளியிட்டார். மலாய் நாட்டுப் பாம்புகளைப் பற்றிய தொடக்ககால அறிவு பலவும் அதில் இருக்கிறது.

அந்தக் காலத்திலிருந்து வங்காளம், மேற்குத் தொடர்ச்சி மலை, மலேசியா, பிலிப்பீன்ஸ் எங்கும் இருப்பது ஒரே ராஜநாகம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். உடம்பில் இருக்கும் பட்டைகள் மட்டும் ஊருக்கு ஊர் ஒத்துவரவில்லை. இந்திய, மலேசிய ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு மரபணுவையும் பட்டைகளையும் சேர்த்துப் பார்த்து, 2024இல் ராஜநாகத்தை நான்கு இனங்களாகப் பிரித்தது. வட இந்தியாவிலிருந்து இந்தோசீனா வரை இருப்பதற்குக் கரும் ஓரம் கட்டிய வெளிர் பட்டைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதற்குப் பட்டை நாற்பதுக்குள், கரும் ஓரம் இல்லை. நம் தீபகற்பத்திலும் சுமத்ரா, போர்னியோ, ஜாவாவிலும் வளர்ந்த பாம்புக்குப் பெரும்பாலும் பட்டையே தெரியாது. நான்காவது பிலிப்பீன்ஸின் லூசோன் தீவுக்குரியது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகத்துக்குக் கன்னட மக்கள் வழங்கும் பெயரையே வைத்தார்கள்: காளிங்கா. இதைச் சொன்னதும் பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. “கண்ணன் ஆடுன காளிங்கன்!” என்றார்.

மருந்துக்கும் ஊர் உண்டு

இதெல்லாம் பெயர் வைக்கும் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பாம்புக்கடிக்கான மருந்து பாம்பின் நஞ்சிலிருந்தே தயாராகிறது. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் கொடுக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு எதிரானது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து எடுக்கும் நஞ்சு அதற்குப் பயன்படுகிறது. மலேசிய மருத்துவமனைகளுக்கு வருவது பெரும்பாலும் தாய்லாந்தில், பாங்காக் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிலையத்தில் தயாராகும் மருந்து. இந்த வட்டாரப் பாம்புகளின் நஞ்சிலிருந்து செய்தது.

ஒன்றுக்கு இருக்கும் மருந்து மற்றொன்றுக்கு முழுமையாகக் கேட்கும் என்று சொல்ல முடியாது. எந்தப் பாம்பு கடித்தது என்று மருத்துவர் கேட்கும்போது ‘கறுப்புப் பாம்பு’ என்றோ ‘பச்சைப் பாம்பு’ என்றோ சொன்னால் பெரிதாக உதவாது. கறுப்பில் நாகமும் உண்டு, சாரையும் உண்டு. பச்சையில் நஞ்சில்லாததும் உண்டு, குழிவிரியனும் உண்டு.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் நாங்கள் சில விதிகளை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். மகள்தான் எழுதினாள். எங்கள் அண்டை வீட்டாரும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், வாசகர்களுக்கும் பயன்படலாம்.

நிறத்தைப் பார்த்து ‘இது ஒன்றும் செய்யாது’ என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. பெரியவராக இருந்தாலும் கூடாது. பாம்பைக் கண்டால் பின்வாங்கி, அது போக வழி விட வேண்டும். வீட்டுக்குள் வந்துவிட்டால் 999க்கு அழைக்க வேண்டும். அடிக்கவும் பிடிக்கவும் போனால் கடிபட நேரலாம். கண்ணில் நஞ்சு பட்டால் கசக்காமல், கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடித்துவிட்டால் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து உடனே மருத்துவமனை. தொலைவில் நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுக்கலாம். அதற்காகக் கிட்டே போகக் கூடாது.

கடைசியாக ஒன்றையும் மகளே சேர்த்தாள்: ‘குப்பையைக் கால்வாய் ஓரம் கொட்டக் கூடாது.’ எலி குறைந்தால் பாம்பும் குறையும். அவள் சொல்லும் வரை எங்களுக்குத் தோன்றவில்லை.

பாயான் லெப்பாஸ் விமான நிலையம்

பெரியப்பா ஊருக்குக் கிளம்பிய நாள் மறுபடியும் அதே பாலம், அதே சாலை. பினாங்கு விமான நிலையமும் பாயான் லெப்பாஸில்தான் இருக்கிறது. கோயிலைத் தாண்டும்போது கார் சன்னல் வழியாகக் கும்பிட்டுக்கொண்டார்.

புறப்படும் நேரத்தில் மகள் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். வண்ணப் பென்சிலால் இரண்டு நாகம் வரைந்திருந்தாள். ஒன்றின் படத்தில் கண்ணாடிக் குறி, கீழே ‘தேனி’ என்று எழுத்து. மற்றொன்று முழுக் கறுப்பு, கீழே ‘மாக் மண்டின்’. பெரியப்பா அதை நெடுநேரம் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து அழைத்தார். அண்ணன் பேரன் தோப்பில் ஒரு பச்சைப் பாம்பைக் கையில் பிடிக்கப் போனானாம். “விடுடா, முதல்ல தள்ளி நில்லுன்னு சத்தம் போட்டேன்ப்பா” என்றார். அது என்ன பாம்பு என்று கேட்டேன்.

“தெரியல. தெரியாதுன்னுதான் தள்ளி நிக்கச் சொன்னேன்” என்றார்.